கல்லான மரங்களும் கடல் கடந்த மணிகளும்

அமெரிக்காவில் பணிபுரியும் எங்கள் உறவுப் பிள்ளை ஒருவன் சென்ற பிப்ரவரித் திங்களில் சில படங்களை அனுப்பியிருந்தான். அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மணிக்கற்கள், கனிமங்கள் கண்காட்சிக்குச் சென்று வந்தானாம். 1955ஆம் ஆண்டில் கல் சேகரிக்கும் ஆர்வலர் சிலர் கூடி ஒரு தொடக்கப் பள்ளிக்கூடத்தில் எளிய முறையில் தொடங்கிய காட்சி, இன்று விடுதி அறைகளிலும் சாலையோரக் கூடாரங்களிலும் கடை விரிக்கும் பெருஞ்சந்தையாக நகரம் முழுவதும் பரவி நிற்கிறது. ஆளுயரத்திற்கு மேல் நிமிர்ந்து நின்ற ஊதாப் படிகக் குடைவு ஒரு படத்தில். கண்ணாடிபோல் மெருகேற்றி மேசைப் பலகையாக அறுக்கப்பட்ட கல்மரம் இன்னொரு படத்தில். அதன் விலையையும் எழுதியிருந்தான். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் பெருமூச்சு விட்டனர்.

பிள்ளைகளோ விலையைப் பொருட்படுத்தவில்லை. "நம் பக்கத்தில் இப்படி ஒன்று உண்டா?" என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரான பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "விமானம் வேண்டாம், ஒரு வேன் போதும். ஆனால் அங்கே எதையும் விலைக்குத் தரமாட்டார்கள்" என்றார். மழைக்காலம் ஓயட்டும் என்று காத்திருந்து, திருவருகைக் காலத்தில் ஒரு சனிக்கிழமையன்று பாகூரிலிருந்து புறப்பட்டோம். பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நான்கு பேர், புளிச்சோற்றுத் தூக்குகள் இரண்டு.

புறப்படுமுன் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார் பெரியப்பா. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற எங்கள் பாகூர் வயல்கள் பனியில் நனைந்து கிடந்தன. இந்த நெற்பயிருக்கு அடியில், ஆழத்தில், பழுப்பு நிலக்கரி உறங்குகிறது என்பதை எங்களில் பலர் அன்றுதான் அறிந்தோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட 1880களில் ஊற்றுநீருக்காக இப்பகுதியில் துளையிட்டபோது அது வெளிப்பட்டது. சேற்றில் புதையுண்டு, காற்றுப் படாமல், மேலே சேர்ந்த மண்ணின் பாரத்தால் அழுந்திய பழங்காலத்துக் காடே அந்தக் கரி. தெற்கே நெய்வேலியில் அதைத்தான் சுரங்கம் வைத்து எடுக்கிறார்கள். "இங்கே மரம் கரியாகக் கிடக்கிறது, மாலையில் கல்லாகக் கிடக்கும் மரத்தைக் காட்டுகிறேன்" என்று கூறிவிட்டு அவர் வேனில் ஏறிக்கொண்டார். பாகூரில் சுரங்கம் தோண்டப்படாததை எண்ணி நாங்கள் மகிழ்ந்தோம் என்றால் வாசகர்கள் எங்களைப் பிற்போக்காளர் என்று எண்ணலாம். சோறு உண்பவர்கள் அப்படித்தான் எண்ணுவோம்.

முதலில் சென்ற இடம் அரிக்கமேடு. அரியாங்குப்பத்தைக் கடந்து, காக்காயந்தோப்பு வழியாக, ஆற்றங்கரைத் தென்னை மாமரங்களுக்கிடையே நடந்தால் மேடு வருகிறது. கண்காட்சி என்று எண்ணி வந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான். கண்ணாடிப் பெட்டியும் இல்லை, விளக்கும் இல்லை. இடிந்த பழைய செங்கற் சுவர்கள் சில மட்டுமே எஞ்சி நிற்கின்றன. ஆயினும் அந்தச் சுவர்களின் முன் கத்தோலிக்கராகிய நாம் சற்று நின்று செல்லத்தான் வேண்டும். 1770களில் பாரிசு வேதபோதக சபையாரின் குருமடம் இங்கேதான் இயங்கிற்று. இந்தோசீனாவிலிருந்து உயிர் தப்பி வந்த பிஞ்ஞோ தெ பெயேன் என்ற குரு இந்த வீராம்பட்டினத்து மண்ணில் அயல்நாட்டு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பின்னர் 1774இல் சென்னைச் சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வியட்நாம் மொழிக்கு அவர் தொகுத்த இலத்தீன் அகராதி புதுவையில் இருந்தபோதே உருவானது என்றால் வியப்பாக இல்லையா?

அவருக்குச் சற்று முன்னரே இங்கு வந்து பழஞ்சுவர்களைப் பார்த்தவர் லெ ழாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலார். 1769இல் சூரியனின் முகத்தில் சுக்கிரன் கடப்பதை அளக்கப் புதுவைக்கு வந்தார். பல ஆண்டுகள் காத்திருந்தும், அந்த நாளின் காலையில் மேகம் மூடிக்கொள்ளவே ஒன்றையும் காணாமல் போனார். பாவம்! வானம் அவரைக் கைவிட்டது. ஆனால் மண்ணில் அவர் கண்டு எழுதிவைத்த குறிப்பு நிலைத்துவிட்டது.

இந்த மேட்டின் பெருமையோ மணிகளில் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இது ஒரு துறைமுகம். மணி செய்வோர் வாழ்ந்த ஊர். சிவந்த சூதுபவளம், வரியோடிய அகேட், செவ்வந்தி நிறக்கல், படிகம், கார்னட் ஆகியவற்றை உடைத்து, தேய்த்து, துளையிட்டு, மெருகிட்டார்கள். மங்கிய கல்லை நெருப்பில் சுட்டுச் சிவப்பாக்கும் கலையும் பண்டைய மணிக்காரர்களுக்குக் கைவந்திருந்தது. கண்ணாடி மணி செய்த முறையையும் பெரியப்பா விளக்கினார். உருகிய கண்ணாடியை நடுவே துளை இருக்கும்படி நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் கடுகளவும் மிளகளவுமாக நறுக்கி, கூர்மை மழுங்குமாறு மீண்டும் சூடேற்றுவார்களாம். ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை இதே முறையில் மணி இழுத்தனர். இவ்வகைச் சிறுமணிகளைக் கீழ்த்திசைத் தீவுகள் வரை மக்கள் அணிந்திருந்தனர். ஆய்வாளர்கள் அவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்று அழைக்கின்றனர். நாம் இன்று அமெரிக்கச் சந்தையைப் பார்த்து வியக்கிறோம். அன்று கடல் கடந்த நாட்டார் நம் சந்தையைத் தேடி வந்தனர்.

1937ஆம் ஆண்டில் ழூவோ துப்ரேய் என்ற பேராசிரியர், ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி விளையாடிய மணிகளையும், உரோமைப் பேரரசர் அகுஸ்துவின் முகம் செதுக்கியது என்று தாம் கருதிய ஒரு மணிக்கல்லையும் கண்டு இவ்விடத்தின் அருமையை உணர்ந்தார். நம் ஆண்டவர் பிறந்தபோது மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்டவர் அந்த அகுஸ்துதான் என்று பெரியப்பா நினைவூட்டியதும், கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் சூசையப்பராக நடிக்கவிருந்த எங்கள் சின்னவன் உடனே காதைத் தீட்டிக்கொண்டான். 1940களில் ஃபோஷோ என்ற பிரெஞ்சுக் குருவானவரும் வேறு சிலரும் தோண்டிப் பார்த்தனர். 1945இல் மார்ட்டிமர் வீலர் முறையாக அகழ்ந்து, இத்தாலி நாட்டு மட்பாண்டத் துண்டுகளைக்கொண்டு காலத்தை உறுதிசெய்தார். பிறகு கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டினர்.

இவ்விடத்தில் எங்கள் குடும்பக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆயா வீராம்பட்டினத்தில் பிறந்தவர். பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். சிறுமியாக இருந்தபோது, பெருமழை வடிந்த மறுநாள் தோழியரோடு இந்த மேட்டுக்கு ஓடிவந்து மணி பொறுக்குவது அவருக்கு வழக்கம். அப்படிச் சேர்ந்தவற்றை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவருடைய செபமாலை அறுந்து மூன்று மணிகள் தொலைந்துபோனபோது, அந்தப் பெட்டியிலிருந்து மூன்று சூதுபவள மணிகளை எடுத்துக் கோத்துக்கொண்டார். கறுத்த மர மணிகளுக்கு நடுவே அவை மட்டும் கனலாய்ச் சிவந்திருக்கும். ஆயா இறைவனடி சேர்ந்தபோது அந்த மாலையை அவர் விரல்களில் சுற்றியே அடக்கம் செய்தோம். தகரப்பெட்டி அத்தையிடம் போயிற்று. அன்றைக்கு அத்தை அதைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

புதுவை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகள் வகைவகையாக வைக்கப்பட்டுள்ளன. பெட்டியின் முன் அத்தை நெடுநேரம் நின்றார். கைப்பையைத் திறக்கவில்லை. பெரியப்பா மெல்ல, "அக்கா, இவை அரசுக்கு உரியவை அல்லவா?" என்று தொடங்கினார். "எங்கள் அம்மா பொறுக்கியது. திருடியது அல்ல" என்றார் அத்தை. அதன்பின் வில்லியனூர் சேரும்வரை வேனில் யாரும் பேசவில்லை.

வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்தில் செபித்துவிட்டு, மர நிழலில் புளிச்சோறு உண்டோம். 1877 முதல் நம் மக்கள் கூடிவரும் அந்தத் திருத்தலத்தைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை. வயிறு நிறைந்ததும் பேச்சும் திரும்பியது.

பத்துக்கண்ணு வழியாக வடமேற்கே சென்றோம். இப்பகுதியில் பயணம் செய்வோர்க்குத் தெரிந்த வேடிக்கைதான்: சற்று முன் புதுவை மாநிலம் என்ற பலகை, சற்றுப் பின் தமிழ்நாடு என்ற பலகை, மீண்டும் புதுவை. சுத்துக்கேணி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் பெரியப்பா துள்ளினார். அங்கே ஈமக்குழிகளைக் கசால் அகழ்ந்திருக்கிறார். அரிக்கமேட்டுக் காலத்து மக்கள் தம் இறந்தோரையும் மணிகளோடு அடக்கம் செய்தார்கள் என்று அவர் சொன்னதும், அத்தை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்து ஊர். சங்கராபரணி ஆற்றங்கரை. வில்லியனூரை நனைத்துச் செல்வதும் இந்த ஆறே. இதன் கிளைதான் அரிக்கமேட்டைத் தொட்டுக் கடலில் கலக்கிறது. காலையில் அதன் கடைவாயில் நின்ற நாங்கள் மாலையில் மேல்கரையில் நின்றோம். பழம்பெருமை வாய்ந்த சிவன் கோயிலைக் கடந்து சிறிது தொலைவில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினரின் காப்பில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும், யாரோ மரம் வெட்டி, அடுக்க மறந்து போய்விட்டார்கள் என்றே தோன்றும். செம்மண்ணில் அடிமரங்கள் கிடக்கின்றன. மூன்று மீட்டர் நீளத்தவை உண்டு. பதினைந்து மீட்டர் நீண்டவையும் உண்டு. கணுவைப் பார்க்கலாம், கிளை ஒடிந்த வடுவைப் பார்க்கலாம், வெட்டுமுகத்தில் வளையம் வளையமாக மரத்தின் வயதைக் காணலாம். தொட்டால் குளிர்ந்த கல். சுண்டினால் 'டங்' என்ற ஓசை. எங்கள் பெண்களுள் ஒருவர், "அடுப்புக்கு ஆகாத விறகு" என்றார்.

ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னைய மரங்கள் இவை. ஆனால் இங்கே முளைத்தவை அல்ல. எப்படித் தெரியும்? "வேரைக் காட்டு பார்க்கலாம்" என்று பெரியப்பா பிள்ளைகளுக்குச் சவால் விட்டார். ஓடி ஓடித் தேடினார்கள். வேரும் இல்லை, சிறு கிளையும் இல்லை, பட்டையும் இல்லை, இலையும் இல்லை. எங்கோ வேரோடு சாய்ந்த மரங்களைப் பெருவெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து, மோதி, உரித்து, மணலில் புதைத்துவிட்டது. மணலில் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் மெல்ல மெல்லப் புகுந்து தங்கிற்று. மரப்பொருள் சிதைந்து நீங்கும் வேகத்திலேயே கல் அவ்விடத்தை நிரப்பிற்று. ஆகவேதான் உருவம் குலையவில்லை. அவசரப்பட்டிருந்தால் வெறும் மண்ணாகியிருக்கும். புதைந்த மணலே கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயரிட்ட பாறையாயிற்று. ஊசியிலை மரமும் உண்டு. நம் புளி, மருது, புன்னை ஆகியவற்றின் குடும்பத்து மரங்களும் உண்டு. ஊரார் இவற்றை வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று சொல்வதுண்டு. 1780களில் பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலார் இக்கல்மரங்களைப் பற்றி ஐரோப்பியர்க்கு எழுதினார்.

டூசானில் பார்த்த மேசைப் பலகை எங்கள் நினைவுக்கு வராமல் இல்லை. அதுவும் இப்படிப்பட்ட ஒரு மரந்தான். அங்கே மெருகும் விலைச்சீட்டும் இருந்தன. இங்கே ஒரு மைனா கல்மரத்தின் மீது உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்ததும் புறப்பட்டோம். மூன்று கிலோமீட்டர் வந்திருப்போம். பின்னிருக்கையில் பிள்ளைகளுக்குள் இழுபறி. பார்த்தால், சின்னவன் காலுறைக்குள்ளிருந்து விரலளவு கல்மரச் சில்லு ஒன்று விழுந்தது! "கீழேதான் கிடந்தது. உடைக்கவில்லை" என்றான். முகம் வெளிறிவிட்டது.

உண்மையை மறைக்காமல் எழுதுகிறோம்: பெரியவர்களாகிய எங்களில் சிலர், 'அங்கே எவ்வளவோ கிடக்கிறது, ஒரு சில்லு போனால் என்ன, இருட்டப் போகிறது' என்றே பேசினோம். ஓட்டுநரும் எங்கள் பக்கம்.

பெரியப்பா கோபிக்கவில்லை. டூசான் இருக்கும் அதே அரிசோனாவில், 1906 முதல் காக்கப்பட்டு 1962இல் தேசியப் பூங்காவான கல்மரக் காடு ஒன்று இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். அங்கு வருவோர் சட்டைப்பையில் சில்லு எடுத்துச் செல்வதும், பல ஆண்டு கழித்து மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அஞ்சலில் திருப்பி அனுப்புவதும் வழக்கமாம். ஆனால் அனுப்பிய கல்லைப் பூங்காவினர் காட்டில் திரும்ப வைப்பதில்லை. எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாத கல் ஆய்வுக்கு உதவாது. தவறான இடத்தில் வைத்தால் மற்றவற்றையும் குழப்பிவிடும். எனவே சாலையோரம் தனியே ஒரு குவியலாகக் கொட்டுகிறார்கள். அதற்கு மனச்சான்றுக் குவியல் என்று பெயர்.

"எங்கே எடுத்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது. வாசலிலிருந்து மூன்றாவது மரம். வளைந்த பக்கத்தில், முள்செடிக்குக் கீழே."

அத்தைதான் ஓட்டுநரிடம் சொன்னார்: "வண்டியைத் திருப்பப்பா."

வாயிலை அடைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். காவலர் விவரத்தைக் கேட்டு, சின்னவனை மட்டும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். வேலிக்கு வெளியே நாங்கள் நின்றோம். குனிந்து, முள்செடியை விலக்கி, வைத்துவிட்டு, அவன் கையை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். காவலர் அவன் தலையைத் தட்டிக்கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அத்தை செபமாலை சொன்னார்; நாங்கள் பதில் சொன்னோம்.

அடுத்த வாரம் அத்தை எங்களை அழைத்துக்கொண்டு தகரப்பெட்டியோடு புதுவைக்குப் போனார். அலுவலர் ஒருவர் பெட்டியை வாங்கி, ஒரு வெள்ளைத் துணியில் மணிகளைப் பரப்பி எண்ணினார். கண்ணாடி மணிகளே மிகுதி, சூதுபவளம் ஒன்பது, துளையிட்டு முடிக்காத படிகம் ஒன்று. அந்தப் படிகத்தை அவர் விளக்கொளியில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணி இங்கேயே செய்யப்பட்டது என்பதற்கு அரைகுறையாக நின்ற கல்லே நல்ல சான்று என்றார். பிறகு தாளை எடுத்து, "மேட்டில் எந்தப் பக்கம் கிடைத்தவை? ஆற்றோரமா, சுவருக்கு அருகிலா? எவ்வளவு ஆழம்?" என்று வினவினார்.

அத்தை எங்களைப் பார்த்தார். நாங்கள் அத்தையைப் பார்த்தோம். விடை தெரிந்தவர் எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், அந்த மூன்று சிவப்பு மணிகளோடு. அலுவலர் சற்றுக் காத்திருந்துவிட்டு, தாளில் 'இடம்' என்ற வரிக்கு எதிரே ஒரு கோடு இழுத்தார்.